ஒற்றைக் குழி மைதானத்தில் ஒரு விலா எலும்பு

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இதுவரை விலா எலும்பை முறித்துக்கொண்டவர்கள் எல்லோரும் சாதாரணக் காரணங்களால்தான் முறித்துக்கொண்டார்கள். மாடு முட்டியது, புளியமரத்திலிருந்து விழுந்தது, தியாகதுருகம் சாலையில் பைக் சறுக்கியது என்று. கோல்ஃப் ஆடி முறித்துக்கொண்ட முதல் ஆள் வடக்கனந்தல் கந்தசாமிதான். இது அவர் கேட்டுப் பெற்ற பெருமை இல்லை. ஆனால் வந்துவிட்டது. எலும்பு குணமாவதைவிட அந்தப் பெருமை குணமாவதுதான் கடினமாக இருந்தது.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான நாளிலிருந்து ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலருக்கு ஒரு மனக்குறை. கலெக்டர் வந்துவிட்டார், எஸ்.பி. வந்துவிட்டார், கடைப் பலகைகளில் எல்லாம் 'மாவட்டம்' என்ற சொல் ஏறிவிட்டது. "ஆனா ஒரு கோல்ஃப் மைதானம் இல்லைன்னா வெளியூர்க்காரன் நம்மளப் பத்தி என்ன நினைப்பான்?" என்று கேட்டார் செழியன். அவருக்குச் சொந்தமாகச் சில பள்ளிக்கூடங்களும் ஒரு கல்யாண மண்டபமும் இருந்தன. வெளியூர்க்காரர் யாரும் இதைப் பற்றி எதுவும் நினைத்ததாகத் தகவல் இல்லை. இருந்தாலும் கல்வராயன் கோல்ஃப் கழகம் தொடங்கப்பட்டது. தலைவர் செழியன். செயலாளர் சிவசங்கர், மனை வியாபாரி.

மைதானத்துக்கு நிலம் தேடியபோது கந்தசாமியின் மரவள்ளிக் கொல்லை அவர்கள் கண்ணில் பட்டது. பின்னால் கல்வராயன் மலை தெரியும், முன்னால் தார் ரோடு. போட்டோ எடுத்தால் வெளிநாடு மாதிரி விழும்.

கந்தசாமிக்கு ஒரு பலவீனம் உண்டு. பொன்னாடையைக் கண்டால் அவர் கழுத்து தானாகக் குனிந்துவிடும். செழியன் தன் பள்ளி ஆண்டு விழாவில் அவரை மேடைக்குக் கூப்பிட்டு, 'மண்ணின் மைந்தர்' என்று சொல்லி ஒரு பொன்னாடை போர்த்தினார். கூடவே கழகத்தின் வாழ்நாள் உறுப்பினர் என்று அறிவித்துத் தலையில் ஒரு தொப்பியும் வைத்தார். மேடையை விட்டு இறங்குவதற்குள் நிலம் பதினோரு மாதக் குத்தகைக்குப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மனைவி பச்சையம்மாளிடம் சொன்னார். அவள் அப்போது மரவள்ளிக் கிழங்கைத்தான் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"கெழக்கு மூலையில ரெண்டு வரிசை இன்னும் தோண்டல," என்றாள்.

"நாளைக்குத் தோண்டிக்கலாம் பச்ச."

ஆனால் கழகத்துக்கு அவசரம். மறுநாள் விடிவதற்குள் லாரியில் சுருட்டிச் சுருட்டிப் புல் வந்து இறங்கியது. கிழக்கு மூலையில் நின்ற செடிகளைத் தரையோடு வெட்டிவிட்டு, கிழங்கு அடியில் இருக்க மேலே பாய் விரிப்பது போலப் புல்லை விரித்துவிட்டார்கள். அதன் நடுவிலேயே குழி வெட்டி, கொடியும் நட்டார்கள்.

அன்றிலிருந்து பச்சையம்மாள் கணவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சாதாரணமாக அவள் வாய் ஓயாதவள். அவள் பேச ஆரம்பித்தால் கந்தசாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். கல்யாணமான புதிதில், கைகழுவ எழுந்தவர் அவள் சொன்ன ஒரு பேச்சுக்குச் சிரித்துக் குழம்புச் சட்டியில் உட்கார்ந்துவிட்டதாக ஊரில் இன்னும் பேச்சு உண்டு. அவ்வளவு பேசுகிறவள், அவரை 'மாமா' என்று கூப்பிடுவதையும் சேர்த்து நிறுத்திவிட்டாள். சொல்லியே ஆகவேண்டியதை வாசலில் மேயும் செவலைக் கோழியிடம் சொல்வாள்.

"கோழியே, சோறு போட்டாச்சு. திங்கறவங்களத் திங்கச் சொல்லு."

கந்தசாமி கோழியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவார்.

கழக உறுப்பினர்கள் யாருக்கும் கோல்ஃப் ஆடத் தெரியாது. அதனாலேயே ஆட்டத்தை விட்டுவிட்டு ஆட்டத்தின் மரியாதைகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். காலர் வைத்த பனியன் போடவேண்டும். ஒரு கைக்கு மட்டும் வெள்ளைக் கையுறை. மைதானத்தில் கிசுகிசுவென்றுதான் பேசவேண்டும். கைதட்டுவதானால் உள்ளங்கையில் விரல் நுனி மட்டும் படவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் பந்தை அடிக்க நின்றுவிட்டால் அந்தப் பந்து ஓடி நிற்கிறவரை யாரும் வாய் திறக்கக்கூடாது.

உலக வழக்கப்படி பதினெட்டுக் குழி வேண்டுமாம். அந்தக் கொல்லையில் ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. ஆகவே ஒரே குழியில் பதினெட்டு முறை போட்டார்கள். "குழிகளின் எண்ணிக்கை முக்கியமில்லை. குழியை நோக்கிய பயணமே முக்கியம்," என்று செழியன் தொடக்க விழாவில் பேசினார். உறுப்பினர்கள் விரல் நுனியால் கைதட்டினார்கள்.

ஐப்பசியில் ஒரு போட்டி வைத்தார்கள். ஜோடி ஜோடியாக ஆடவேண்டிய போட்டி. ஒரு ஜவுளிக்கடைக்காரர் கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டதால் ஓர் ஆள் குறைந்தது. வேலி ஓரமாக நின்று தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வாழ்நாள் உறுப்பினர் மேல் செயலாளரின் பார்வை விழுந்தது.

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க," என்றார் கந்தசாமி.

"எங்களுக்கு மட்டும் தெரியுமா? தொப்பியப் போடுங்க," என்று கிசுகிசுத்தார் சிவசங்கர். "தலை அசையக்கூடாது. தோள் மட்டும் திரும்பணும். பந்தையே பாருங்க."

கந்தசாமி பந்தையே பார்த்தார். ஆனால் கைக்குக் கண் இல்லையே. நீளமான பிடி கிடைத்தால் தலைக்கு மேல் ஓங்கித் தரையில் இறக்கவேண்டும் என்பதுதான் அந்தக் கைகளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரே ஆட்டம். மண்வெட்டி என்றே நினைத்து இறக்கிவிட்டார். தடி பந்துக்கு ஒரு சாண் தள்ளிப் புல்லுக்குள் போனது. புல்லுக்குக் கீழே, தோண்டாமல் விட்ட மரவள்ளியின் தூர் விறகுக் கட்டையாக இறுகிக் கிடந்தது. தூர் அசையவில்லை. கந்தசாமியின் இடது பக்கத்தில் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

அவர் விழுந்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

உறுப்பினர்கள் வாய் திறக்காமல் நின்றார்கள். ஓடுகிற பந்து நிற்கும்வரை பேசக்கூடாது என்று விதி இருக்கிறது. பந்து புறப்படவே இல்லையென்றால் எதுவரை பேசக்கூடாது என்று விதியில் இல்லை. அதனால் காத்திருந்தார்கள்.

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த பச்சையம்மாள் அரிவாளைப் போட்டுவிட்டு வேலியைத் தாண்டி ஓடிவந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. உதடு ஒருமுறை திறந்து மூடியது. ஒரு வார்த்தையும் பேசாமல் அவர் தோளுக்கடியில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

செழியன் நெகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா சிவசங்கர்?" என்றார் காதோரமாக. "புருஷன் விழுந்தும் சத்தம் போடல. பந்துக்கு எவ்வளவு மரியாதை!"

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் சந்தியா இளவயதுப் பெண். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு விலா எலும்புல விரிசல் இருக்கு. எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"கோல்ஃப் ஆடனங்க."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். கந்தசாமி வேட்டியும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார்.

"எங்க ஆடினீங்க?"

"என் கொல்லையிலங்க."

அதற்குமேல் டாக்டர் கேட்கவில்லை. "விலாவுக்கு மாவுக்கட்டு கிடையாது. இறுக்கிக் கட்டவும் வேண்டாம். தானா கூடிக்கும். கனம் தூக்காதீங்க. வலிக்குதேன்னு மேலோட்டமா மூச்சு விடாம, அப்பப்ப நல்லா இழுத்து விடுங்க. இருமல், தும்மல், சிரிப்பு வந்தா ஒரு தலகாணிய நெஞ்சோட அணைச்சிப் புடிச்சிக்கணும். முடிஞ்சவரைக்கும் சிரிக்காம இருங்க."

மற்றதெல்லாம் எப்படியோ, கடைசியாகச் சொன்னது கந்தசாமிக்குச் சுலபமாகத்தான் தோன்றியது. சிரிக்க வைக்கிறவள்தான் பேசுவதில்லையே.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் தென்னையிலிருந்து விழுந்த ஒருவர் கிடந்தார். அவரைப் பார்க்க அவர் சொந்தக்காரர்கள் மட்டும் வந்தார்கள். கோல்ஃப் ஆடி அடிபட்டவரைப் பார்க்க எதிர் வார்டிலிருந்தெல்லாம் வந்தார்கள். தென்னைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நானும் சின்ன வயசுல பேட்மிட்டன் ஆடியிருக்கேன்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வீடு திரும்பியபோது கட்டிலில் ஒரு புதிய தலையணை இருந்தது. சின்னது, இரண்டு கைக்குள் அடங்குவது. இலவம்பஞ்சு அடைத்தது. உறை பச்சையம்மாளின் பழைய மாம்பழக்கலர் சேலையில் தைத்தது. அந்தச் சேலையில்தான் அவள் முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்தாள்.

"பச்ச..." என்றார் கந்தசாமி.

"கோழியே," என்றாள் அவள் வாசலைப் பார்த்து, "பஞ்சு கொஞ்சம் மிச்சம் இருந்துது, அவ்வளவுதான். ஜாஸ்தியா எதுவும் நெனச்சிக்க வேணாம்னு சொல்லு."

காலையில் எழுந்திருப்பதுதான் பெரிய பாடு. ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே விட்டு, யாராவது தோளைத் தாங்கினால்தான் உட்கார முடியும். பச்சையம்மாள் தினமும் வந்து தாங்குவாள். அவள் கன்னம் அவர் காதருகே வரும். மூச்சு கேட்கும். பேச்சு மட்டும் வராது.

பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் முதல் நாளே வந்து விசாரித்தாள். "இன்னாண்ணே, நீ பந்த ஒடச்சியா, பந்து உன்ன ஒடச்சிதா?"

"பந்தத் தொடவே இல்ல கொளஞ்சி."

"தொடாததுக்கே இப்படின்னா, தொட்டிருந்தா எங்கள எல்லாம் வுட்டுட்டுப் போயிருப்ப போல."

பச்சையம்மாள் சட்டென்று அடுப்படிக்குள் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதைக் கந்தசாமி பார்த்தார். அவருக்கு ஏக்கமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே கழகம் வீட்டுக்கு வந்தது. அவசரக் கூட்டம் போட்டு 'விலா எலும்பு நலத் துணைக்குழு' என்று ஒன்று அமைத்திருந்தார்கள். எல்லோரும் காலர் பனியனிலும் ஒற்றைக் கையுறையிலும் இருந்தார்கள். விளையாட்டில் பட்ட அடி என்பதால் நோயாளி இருக்கும் இடமும் மைதானத்தின் ஒரு பகுதியே என்று துணைக்குழு முடிவு செய்திருந்தது. எனவே கட்டிலைச் சுற்றி நின்று கிசுகிசுத்தார்கள்.

கந்தசாமிக்கு இருமல் வந்தது. தலையணையை அணைத்துக்கொண்டு இருமினார்.

உறுப்பினர்கள் விரல் நுனியால் கைதட்டினார்கள். "நல்ல இருமல்," என்றார் ஒருவர்.

"புத்தூர்க் கட்டுக் கட்டலாமான்னு கொளஞ்சி கேக்குது. டாக்டரம்மா வேணாம்னாங்க. நீங்க இன்னா சொல்றீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டார் கந்தசாமி.

செழியன் பதறினார். "கட்டு கிட்டுன்னு பேசாதீங்க. இது மாட்டு வண்டியிலேர்ந்து விழுந்து முறிஞ்ச எலும்பு இல்ல." பிறகு நிமிர்ந்து நின்று, கிசுகிசுப்பிலேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். "அன்பர்களே! எல்லா மாவட்டத்திலும்தான் எலும்பு முறிகிறது. எதனால் முறிகிறது? மாட்டால், மரத்தால், மதுவால்! நம் மாவட்டத்தில்தான் முதன்முதலாகக் கோல்ஃபால் ஓர் எலும்பு முறிந்திருக்கிறது. துபாயில் முறிந்திருக்க வேண்டிய எலும்பு வடக்கனந்தலில் முறிந்திருக்கிறது. என் தலைமையில் முறிந்திருக்கிறது!"

"கோழியே," என்ற குரல் அடுப்படியிலிருந்து வந்தது. "வந்தவங்களுக்கு டீ ஆச்சு. துபாய்க்குப் போறதுக்குள்ள குடிக்கச் சொல்லு."

கந்தசாமி பல்லைக் கடித்துக்கொண்டு தலையணையை இறுக்கினார். உறுப்பினர்கள் அது வலி என்று நினைத்து மறுபடியும் கைதட்டினார்கள்.

தார் ரோட்டு ஓரத்தில் பிளெக்ஸ் வைத்தார்கள். கந்தசாமியின் படம் சின்னதாகவும் செழியனின் படம் பெரிதாகவும் இருந்தது. நடுவில் விலா எலும்பின் எக்ஸ்-ரே. கச்சிராயபாளையம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள், செழியனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து வருத்தப்பட்டார்கள். அவருக்கு நிறைய விசாரிப்புகள் வந்தன. அது அவருக்குப் பிடித்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது வலது தோளில் ஒரு பட்டை கட்டியிருந்தார். "கோல்ஃப் தோள்," என்றார். "உள்ளுக்குள்ள இருக்கு. வெளிய தெரியாது."

அதற்கடுத்த வாரம் சிவசங்கரின் முழங்கையில் உறை இருந்தது. பொருளாளர் நொண்டினார். ஜவுளிக்கடைக்காரர் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். அவர் இதுவரை ஒரு பந்தும் அடித்ததில்லை, பார்த்ததில் சுளுக்கிக்கொண்டதாம். வாசலில் நின்று பார்த்த கொளஞ்சியம்மாளுக்கு யார் யாரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று புரியவில்லை. நாற்காலிகளை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கந்தசாமிதான் எழுந்து நின்று ஒவ்வொருவரையும் நலம் விசாரித்தார்.

எழுந்து நின்றதுதான் தப்பாகிவிட்டது.

"இன்னாங்க இது, தானா நிக்கிறீங்க?" என்றார் சிவசங்கர் கலக்கத்தோடு.

"இப்ப வலி கம்மிங்க. டாக்டரம்மா சொன்ன மாதிரி கூடிக்கினு வருது."

"சத்தமா சொல்லாதீங்க!"

மார்கழியில் கழகத்தின் ஆண்டு விழா. சென்னையிலிருந்து ஒரு கோல்ஃப் பிரமுகர் சிறப்பு விருந்தினராக வருகிறார். மைதானத்தில் ஒரு குழிதான் இருக்கிறது என்று தெரிந்ததும் முதலில் வர மறுத்துவிட்டார். காயம்பட்ட வீரர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லித்தான் சம்மதிக்க வைத்திருந்தார்கள். அன்றைக்கே குத்தகையைப் பத்து வருடத்துக்கு நீட்டிப்பதாகவும் மேடையில் அறிவிக்கவேண்டும். சிவசங்கர் சுற்றியிருந்த மனைகளை எல்லாம் 'கோல்ஃப் பார்த்த மனை' என்று விற்க ஆரம்பித்துவிட்டார்.

"சில பேர் சொல்றாங்க, கோல்ஃப் வந்ததாலதான் மனை விலை ஏறிச்சுன்னு," என்றார் சிவசங்கர், முழங்கையைத் தடவிக்கொண்டே. "அபாண்டம். விலை ஏறணும்னுதானே கோல்ஃபே வந்துது!"

துணைக்குழு அங்கேயே கூடி, காயத்தை ஆண்டு விழா முடியும்வரை நீட்டிப்பதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. கந்தசாமி கட்டிலில் உட்கார்ந்து தலையாட்டினார். முடியாது என்று சொல்ல அவருக்கு எப்போதும் நேரம் பிடிக்கும். அதற்குள் எதிராளி எழுந்து போய்விடுவார்.

அவர்கள் போன பிறகு பச்சையம்மாள் கோழியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். இந்தமுறை அவள் குரலில் வேடிக்கை இல்லை.

"கோழியே, மார்கழியோட குத்தகை முடியுது. பொங்கல் கழிஞ்சா நட்டாகணும். அப்பவும் ஒருத்தர் பொன்னாடைக்குக் கழுத்த நீட்டினாருன்னா, அப்புறம் இந்த ஜென்மத்துக்கும் என் வாயிலேர்ந்து அவருக்கு ஒரு வார்த்தை கெடையாது. சொல்லிடு."

கந்தசாமி அதை நன்றாகவே கேட்டுக்கொண்டார்.

கழகத்தைச் சொல்லிவிட்டு அவரைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. காயத்தை நீட்டிக்கும் வேலையை அவரும் வீட்டில் தனியாகச் செய்துகொண்டிருந்தார். பகலில் கொல்லைப்பக்கம் தானே நடந்து போய், குனிந்து முகம் கழுவி, நிமிர்ந்து வந்துவிடுவார். விடிந்தால் மட்டும் ஐயோ அம்மா என்று படுத்துக் கிடப்பார். பச்சையம்மாளின் கை தோளுக்கடியில் வந்தால்தான் எழுந்திருப்பார். அந்தக் கையும் நின்றுவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஒரு காலையில் அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு அவள் கோழியிடம் சொன்னாள்: "நேத்து பலாமரத்துல ஏறப் பாத்த ஆளுக்கு இன்னைக்குக் கட்டிலவுட்டு எறங்க முடியலயாம். கலிகாலம்."

ஆனால் மறுநாளும் வந்து தூக்கினாள்.

ஆண்டு விழாவுக்கு மைதானத்திலேயே பந்தல் போட்டிருந்தார்கள். மேடைக்கு நேர் எதிரே குழியும் கொடியும். கோல்ஃப் தடியும் அதன் மேல் தொப்பியும் வைத்து அலங்கரித்த நாற்காலியில் கந்தசாமியை மேடையில் உட்காரவைத்தார்கள். பச்சையம்மாளும் கொளஞ்சியம்மாளும் முன்வரிசையில். கந்தசாமியின் எலும்பை முறித்த தூரைக் கிழங்கோடு தோண்டி எடுத்து, கழுவி, கண்ணாடிப் பெட்டியில் போட்டு அவர் பக்கத்தில் வைத்திருந்தார்கள். கீழே 'வரலாற்றுச் சின்னம்' என்று எழுதியிருந்தது.

"அந்தக் கெழங்க வேகவெச்சா இந்நேரம் நாலு பேரு சாப்ட்டிருக்கலாம்," என்றாள் கொளஞ்சியம்மாள். பின்வரிசையிலிருந்து 'உஷ்' என்றார்கள்.

சிறப்பு விருந்தினர் கந்தசாமியின் தலையணையை ஆர்வத்தோடு வாங்கிப் பார்த்தார். "இது என்ன, விசேஷமான கோல்ஃப் உபகரணமா?" என்று கேட்டார். அதற்குள் செழியன் மைக்கைப் பிடித்துவிட்டதால், தலையணை விருந்தினர் மடியிலேயே தங்கிவிட்டது. கந்தசாமிக்கு நெஞ்சு வெறுமையாக இருந்தது.

"இந்த நிலத்தை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. நிலம்தான் எங்களை எடுத்துக்கொண்டது," என்றார் செழியன். "மண்ணின் மைந்தர் தன் எலும்பையே கொடுத்துவிட்டார். எலும்பைக் கொடுத்தவர் நிலத்தைக் கொடுக்க மாட்டாரா? இன்னும் பத்து ஆண்டுகளுக்குக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார் என்பதை மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன். அதற்கு அடையாளமாக இந்தப் பொன்னாடை!"

பொன்னாடை வந்தது. செழியன் குள்ளம். கந்தசாமி நெட்டை. வழக்கமாகக் கந்தசாமியின் கழுத்து குனிந்து அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். செழியன் கையை உயர்த்தினார்.

கந்தசாமி எழுந்து நின்றார். முன்வரிசையைப் பார்த்தார். பச்சையம்மாள் அவரைப் பார்க்கவில்லை. தூரத்தில் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இரண்டு கையையும் கோத்து இறுக்கியிருந்தாள்.

"குனியுங்க," என்று கிசுகிசுத்தார் செழியன்.

"முடியலங்க. விலா வலிக்குது."

"கொஞ்சம்தான்."

"நீங்கதான விழா முடியறவரைக்கும் வலிக்கணும்னு தீர்மானம் போட்டீங்க. பயங்கரமா வலிக்குதுங்க."

செழியன் எம்பினார். பொன்னாடை கந்தசாமியின் தோள் வரை போய்ச் சறுக்கி விழுந்தது. இன்னொரு முறை எம்பியபோது கோல்ஃப் தோள் இருப்பது மறந்துபோய் அந்தக் கையையே வீசினார். சிவசங்கர் முட்டுக்கொடுக்க வந்தார். பொன்னாடை கண்ணாடிப் பெட்டியின் மேல் விழுந்து மரவள்ளிக் கிழங்குக்குப் போர்த்தப்பட்டது. உறுப்பினர்கள் விரல் நுனியால் கைதட்டினார்கள்.

பச்சையம்மாள் மலையிலிருந்து பார்வையைத் திருப்பியிருந்தாள்.

சமாளிப்பதற்காகச் செழியன் அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவினார். "இந்த ஆண்டு கழகம் ஒரு புதிய விருதை ஏற்படுத்தியிருக்கிறது. சிறந்த மௌனப் பார்வையாளர் விருது! ஓர் ஆண்டு முழுவதும் வேலி ஓரத்தில் நின்று ஆட்டத்தைப் பார்த்து, ஒரு நாளும் வாய் திறக்காத உத்தமி. கணவர் எலும்பு முறிந்து விழுந்தபோதுகூடப் பந்தின் மரியாதையைக் காப்பாற்றியவர். திருமதி பச்சையம்மாள்! மௌனமாக வந்து, மௌனமாகப் பெற்றுக்கொள்வார்."

பச்சையம்மாள் மேடையேறினாள். கோப்பையை வாங்கிக் கொளஞ்சியம்மாளிடம் நீட்டினாள். பிறகு மைக்கின் பக்கம் போனாள்.

"அம்மா, இது மௌன விருது," என்றார் சிவசங்கர் மெல்ல.

"ஒரு நிமிசம் இருங்க தம்பி," என்றாள். மைக்கில் அவள் குரல் கொல்லை முழுக்கக் கேட்டது. "எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் பேசாம இருந்தது உங்க பந்துக்காக இல்லீங்க. எங்க வூட்டுக்காரர் மேல கோவம். அதுக்குப் போயி கோப்பை குடுத்தீங்கன்னா, இந்த ஊருல எல்லாப் பொம்பளைக்கும் நீங்க கோப்பை வாங்கியாவணும்."

பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு எழுந்தது. 'உஷ்' என்றவர்களுக்கு யாரும் காதுகொடுக்கவில்லை.

"இன்னொண்ணு. நானும் வருசம் பூராவும் வரப்புல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். இத்தினி ஆம்பளைங்க, கையில உறை மாட்டிக்கினு, மழைன்னு பாக்காம வெயில்னு பாக்காம, ராப்பகலா பேசி முடிச்சி, கடைசியில வெட்டுனது ஒரே ஒரு குழி. அதுவும் கெழங்கு இருக்கிற எடமாப் பாத்து வெட்டிட்டு, கெழங்க வுட்டுட்டு, பந்த எடுத்துக்கினு போறீங்க! பதினெட்டு தடவ போட்டு, பதினெட்டு தடவையும் போட்டதத் திரும்ப எடுத்துக்கினுதான் போறீங்க. எதுக்குங்க போடறீங்க?"

சிறப்பு விருந்தினர் வாயைக் கையுறையால் மூடிக்கொண்டார். செழியன் மட்டும், பழக்கத்தால், பந்து நிற்கக் காத்திருப்பவர் போல அசையாமல் நின்றார்.

கந்தசாமியின் வயிற்றுக்குள்ளிருந்து ஒன்று கிளம்பியது. ஒரு வருடமாக அடைபட்டுக் கிடந்தது. அதை அவர் உதட்டைக் கடித்து நிறுத்தப் பார்த்தார். பச்சையம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். நேராக அவர் கண்ணைப் பார்த்தாள். கோழி எதுவும் நடுவில் இல்லை.

"நீ சொல்லு. எப்ப நடறது?"

"பொங்கல் கழிஞ்சி," என்றார் கந்தசாமி. அவர் குரலும் மைக்கில் விழுந்தது. "கொடியெல்லாம் புடுங்கிக்குங்க சார். நெலம் நடவுக்கு வோணும்."

"அந்தக் குழிய மூட வேணாம்னு சொல்லு," என்றாள் பச்சையம்மாள். "ஒரு குழி வெட்டற வேலை மிச்சம்."

அவ்வளவுதான். கந்தசாமிக்குச் சிரிப்பு உடைந்துகொண்டு வந்தது. நாற்காலியைப் பிடித்தார், தொப்பி கீழே உருண்டது. இடது பக்கம் சுரீர் என்றது. கண்ணில் தண்ணீர் வந்தது. "ஐயோ" என்றும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. இந்தமுறை நடிப்பில்லை, நிஜமாகவே வலித்தது. ஆனாலும் அவரால் நிறுத்த முடியவில்லை.

பச்சையம்மாள் மைக்கை அப்படியே விட்டாள். இரண்டே எட்டில் சிறப்பு விருந்தினரிடம் போய், அவர் மடியிலிருந்த மாம்பழக்கலர் தலையணையைக் கேட்காமலே எடுத்துவந்து, கணவனின் நெஞ்சில் வைத்து, அதன்மேல் அவர் கைகளையும் சேர்த்து வைத்து அழுத்தினாள்.

"சிரிக்கிறதுன்னா புடிச்சிக்கினு சிரி மாமா," என்றாள்.